கறவைப் பசுவும் செயற்கை முறைச் சினைப்படுத்தலும்

மலையகத் தேயிலைத் தோட்டங்களிலே லயங்களுக்குப் பின்புறமாகச் சிறு சிறு மாட்டுத் தொழுவங்கள் அமைந்திருப்பதை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலை, கொட்டகலை, அட்டன், பொகவந்தலாவை என எப்பகுதிக்குச் சென்றாலும் இக்காட்சி உண்டு. தகரக் கூரையும் பலகைச் சுவருமாக அமைந்த அத்தொழுவத்தில் ஒரு பசு நிற்கும். மிஞ்சினால் இரண்டு நிற்கும். பகலெல்லாம் கொழுந்து பறித்துத் திரும்பும் பெண், வரும் வழியிலேயே ஒரு கட்டுப் புல்லை அறுத்துத் தலையிற் சுமந்து வந்து அப்பசுவுக்கு இடுவாள். விடியுமுன் எழுந்து பால் கறந்து, அதனைப் பால் சேகரிக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் அவள் பிரட்டுக்களத்துக்குச் செல்வாள். கொழுந்து குறைந்து வேலைநாள் சுருங்கும் மாதங்களிலே அக்குடும்பத்தின் கடைக் கணக்கையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் தாங்குவது பெரும்பாலும் அந்தப் பால் காசே.

பசு கன்று ஈன்றாலன்றிப் பால் இல்லை. சினைப்பட்டாலன்றிக் கன்று இல்லை. பொலிகாளை வளர்க்க இடமும் புல்லும் இல்லாத தோட்டங்களிலே, பசுவைச் சினைப்படுத்துவதற்குச் செயற்கை முறையே பெரிதும் கைக்கொள்ளப்படுகிறது. ‘மாட்டுக்கு ஊசி போடுதல்’ என்று நம் மக்கள் வழங்குவது இதனையே. ஒரு தொழுவத்துப் பசு முதல் ஊசியிலேயே சினைப்பட்டுவிடுகிறது. அடுத்த தொழுவத்துப் பசுவோ மூன்று முறை, நான்கு முறை ஊசி போட்டும் சினை நிற்காமற் போகிறது. ‘மருந்து சரியில்லை’ என்பார் ஒருவர். ‘போட்டவருக்குக் கைராசி இல்லை’ என்பார் மற்றொருவர். உண்மையிலே இம்முறையின் வெற்றி தோல்விகளை நிர்ணயிக்கும் காரணிகள் எவை? அவற்றுள் எவை நம் கையில் உள்ளன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பசு கன்றைச் சுமக்குங் காலம் ஏறத்தாழ 280 நாட்கள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமாயின், 365 நாட்களில் எஞ்சி நிற்பவை 85 நாட்களே. கன்று ஈன்ற பின்னர்க் கருப்பை சுருங்கித் தன் பழைய நிலைக்கு மீளுவதற்கு 45 முதல் 60 நாட்கள் வரை விடவேண்டும். ஆகவே, உரிய காலத்திற் சினைப்படுத்துவதற்குக் கிடைக்கும் அவகாசம் 25 நாட்கள் முதல் 40 நாட்கள் வரையே. பசு 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருவது. அப்படியாயின் அந்த அவகாசத்துக்குள் நமக்குக் கிடைப்பது ஒரு வாய்ப்பு, அல்லது இரண்டு வாய்ப்பு. ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாட்கள் போயின. மூன்றைத் தவறவிட்டால் 63 நாட்கள் போயின. அந்நாட்களிலும் பசு தின்னும் புல்லில் குறைவில்லை. சுமப்பவளின் உழைப்பிலும் குறைவில்லை. அடுத்த கன்றும் அடுத்த பாலுந்தான் அத்தனை நாள் தள்ளிப் போகின்றன.

இம்முறை தோன்றிய வரலாற்றையும் சுருக்கமாக அறிந்துகொள்வது நன்று. 1780ஆம் ஆண்டிலே இத்தாலிய அறிஞர் ஸ்பலன்சானி, நாய் ஒன்றுக்கு விந்தைச் செயற்கையாகச் செலுத்தி, 62 நாட்களின் பின்னர் அது மூன்று குட்டிகளை ஈனக் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய நாட்டு ஐவனோவ் என்பார் குதிரை, மாடு, செம்மறி ஆகியவற்றில் இதனைப் பயன்படு கலையாக வளர்த்தார். 1936இல் டென்மார்க் நாட்டு உழவர்கள் இதற்கெனவே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். ஆயினும் அக்காலத்தில் எடுத்த விந்தைக் குளிரவைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்தியாக வேண்டியிருந்தது. உறையவைத்தால், உயிரணுவினுள்ளே நீர் பனித் துகள்களாகி அதனைச் சிதைத்துவிடும். 1949ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பொல்ஜ், சிமித், பார்க்ஸ் என்னும் மூவர், கிளிசரோல் என்னும் பொருளைக் கலந்தால் சேவலின் விந்தணுக்கள் உறைநிலையிலிருந்து மீண்டும் உயிர்ப்புடன் எழுவதைக் கண்டறிந்தனர். விரைவில் காளையின் விந்துக்கும் அம்முறை கைகூடியது. இன்று காளையின் விந்து மெல்லிய பிளாஸ்டிக் குழல்களில் அடைக்கப்பட்டு, பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியஸ் குளிருடைய திரவ நைதரசனில், ஆண்டுக் கணக்காகக் காக்கப்படுகிறது.

இலங்கையில் இம்முறை 1938ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. கண்டிக்கு அண்மையிலுள்ள குண்டசாலையிலே இதற்கான மத்திய நிலையம் அமைந்துள்ளது. மலையகத்துக்கு இம்முறை சிறப்பாகப் பொருந்தியமைக்குக் காரணமும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதன் சராசரி வெப்பநிலை 16 பாகையளவே. ஆதலால் ஜேர்சி, பிறீசியன், அயர்சயர் போன்ற குளிர்நாட்டுக் கறவை இனங்களும் அவற்றின் கலப்பினங்களும், தாழ்நிலத்தில் வெப்பத்தால் வாடுவதுபோல இங்கு வாடுவதில்லை. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் தம் நாட்டு மாடுகளையும் செம்மறிகளையும் கப்பலேற்றிக் கொணர்ந்தார். அன்று ஓர் உயர்ந்த இனத்தை இங்குப் பரப்புவதற்கு உயிருள்ள விலங்கையே கடல் கடத்தி மலையேற்ற வேண்டியிருந்தது. இன்று அவ்வினத்தின் வித்து, தாங்கி ஒன்றினுள் அமர்ந்து, மோட்டார் சைக்கிளில் லயத்து வாயில் வரை வந்து சேருகிறது.

ஒரு சிறந்த காளையிடமிருந்து ஒருமுறை எடுக்கும் விந்து 5 முதல் 8 மில்லிலீற்றர் வரை இருக்கும். அதனை முட்டை மஞ்சட்கரு முதலியன சேர்ந்த கரைசலிற் கலந்து, சில நூறு குழல்களாகப் பகிர்கிறார்கள். கால் மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு குழலில் பொதுவாக 20 மில்லியன் விந்தணுக்கள் அடைக்கப்படுகின்றன. உறைந்து உருகும் துன்பத்தைக் கடந்து அவற்றுள் ஏறக்குறையப் பாதியே உயிர்ப்புடன் எஞ்சும். இனச்சேர்க்கையாற் பரவும் சில நோய்கள் காளைக்கு இல்லை என்பதைச் சோதித்த பின்னரே விந்து எடுக்கப்படுகிறது. ஒரே காளையை லயத்துக்கு லயம் கொண்டு செல்வதால் வரக்கூடிய தொற்று இம்முறையில் தவிர்க்கப்படுகிறது.

இனி வெற்றியை நிர்ணயிக்கும் காரணிகளுக்கு வருவோம். அறிஞர்கள் இவற்றை நான்காக வகுப்பர். பருவத்தைக் கண்டறியும் திறன் ஒன்று; பசுவின் உடல்நலம் ஒன்று; விந்தின் தரம் ஒன்று; ஊசி போடுபவரின் திறமை ஒன்று. இந்நான்கும் ஒன்றோடொன்று கூட்டப்படுவனவல்ல, பெருக்கப்படுவன என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். நான்கும் நூற்றுக்குத் தொண்ணூறு என்னும் உயர்ந்த நிலையில் இருப்பினும், பெருக்கி வரும் விடை நூற்றுக்கு 66 அளவே. மற்ற மூன்றும் தொண்ணூறாக இருக்க, பருவத்தைக் கண்டறிதல் மட்டும் ஐம்பதாகக் குறைந்தால், விடை 36 ஆகச் சரிகிறது. விந்தும் நன்று, கையும் நன்று, பசுவும் நன்று. எனினும் மூன்றிலொரு பங்கே பலன். ஆகவே நான்கனுள் எது நம் தோட்டங்களில் மிகவும் தளர்ந்திருக்கிறதோ, அதனையே முதலில் ஆராய்தல் வேண்டும். அது பருவத்தைக் கண்டறிதலேயாகும்.

பசுவின் பருவம் பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரமே நீடிக்கும். அது முடிந்து ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரங் கழித்தே சினைமுட்டை வெளிப்படுகிறது. வெளிப்பட்ட முட்டை 6 முதல் 12 மணி நேரமே கருக்கொள்ளும் ஆற்றலுடன் இருக்கும். விந்தணுவோ பசுவின் உடலுட் புகுந்த பின்னர்ச் சுமார் 6 மணி நேரம் அங்குத் தங்கிப் பக்குவப்பட்டாலன்றி முட்டையைத் துளைக்கமாட்டாது. ஒரு நாளுக்குச் சற்று மேற்பட்ட காலத்துள் அதுவும் மடிந்துவிடும். மிக முந்திப் போட்டால் முட்டை வருமுன் விந்தணு மடிகிறது. மிகப் பிந்திப் போட்டால் விந்தணு பக்குவப்படுமுன் முட்டை கெடுகிறது. இவ்விரண்டும் சந்திக்கும் வேளையைக் கருதியே, அமெரிக்க ஆய்வாளர் திரிம்பர்கர் 1940களில் நடத்திய ஆய்வுகளிலிருந்து ஓர் எளிய விதி பிறந்தது. காலையிற் பருவத்தைக் கண்டால் அன்று மாலையில் ஊசி போடுக. மாலையிற் கண்டால் மறுநாட் காலையிற் போடுக என்பதே அவ்விதி.

விதி எளிது, அதனைத் தோட்டத்திற் கடைப்பிடித்தல் எளிதன்று. பசுவின் பருவக் குறிகள் பெரும்பாலும் மாலைக்குப் பின்னும் இரவிலும் விடியலிலுமே மிகுதியாகத் தோன்றும். தொழிலாளியோ விடிந்தவுடன் பிரட்டுக்குச் சென்று, மாலையிற் கொழுந்து நிறுத்த பின்னரே வீடு திரும்புகிறார். திரும்பியதும் புல், விறகு, சமையல் என்று அடுக்கடுக்காக வேலை. பசுவின் கடிகாரமும் தோட்டத்துக் கடிகாரமும் இவ்வாறு ஒன்றோடொன்று முரண்படுகின்றன. பருவம் தொடங்கியது இரவு பத்து மணிக்கா, விடியற்காலை நான்கு மணிக்கா என்பதை அறியாதவர் காலையிற் சொல்லும் செய்தி, ஊசி போடுபவருக்குப் பாதி வழிகாட்டியே ஆகும்.

மற்றொரு தடையும் உண்டு. மந்தையிலே ஒரு பசு பருவத்திலுள்ளது என்பதற்கு மிக உறுதியான அடையாளம், மற்றொரு பசு தன்மேல் ஏற அது அசையாமல் நின்று இடங்கொடுப்பதாகும். அம்பேவளை போன்ற பெரும் பண்ணைகளில், திறந்த புல்வெளியில், இதனைக் காணலாம். லயத்துத் தொழுவத்தில் தனியே கட்டப்பட்டிருக்கும் பசுவுக்குத் துணை ஏது? அதன்மேல் ஏறுவதற்கு எதுவுமில்லை. அது ஏறுவதற்கும் எதுவுமில்லை. ஆகவே ஏனைய குறிகளையே நாம் நம்பவேண்டியுள்ளது. ஓயாமற் கத்துதல், தீனியில் நாட்டமின்மை, பால் திடீரெனக் குறைதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், பெண்குறி சற்றே தடித்துச் சிவத்தல் ஆகியவை அக்குறிகள். இவற்றுள் நம்பத்தக்கது, கண்ணாடிபோலத் தெளிந்து கயிறுபோல நீண்டு தொங்கும் சளி. இரவில் உறங்கப் போகுமுன் ஒரு கைவிளக்குடன் தொழுவத்துக்குச் சென்று, படுத்திருக்கும் பசுவின் பின்புறத்தையும் வாலையும் தரையையும் பார்த்தால் இச்சளி கண்ணிற் படும். விடியலிற் கறக்கச் செல்லும்போது மறுமுறை பார்க்கவேண்டும். நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் என இதனை வழக்கமாக்கிக்கொண்டவர்கள் பருவத்தைத் தவறவிடுவது அரிது.

சில பசுக்களில் பருவம் கழிந்த இரண்டொரு நாளில் சிறிதளவு இரத்தங் கசியும். இதனைக் கண்டு ‘சினை கலைந்தது’ என்று அஞ்சுவோர் உண்டு. ‘ஊசி பிடித்துவிட்டது’ என்று மகிழ்வோரும் உண்டு. இரண்டும் பொருந்தா. பருவம் வந்து போயிற்று என்பதையே அது தெரிவிக்கிறது. பருவம் கண்ணிற் படாமற் கழிந்திருப்பின், அந்நாளை நாட்காட்டியிற் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஏறத்தாழ 19 நாட்கள் கழித்து விழிப்புடன் இருந்தால் அடுத்த பருவம் தப்பாது.

பருவமல்லாத வேளையில் ஊசி போடப்படுவதும் தோல்விக்கு ஒரு பெருங் காரணம். இதனைக் கண்டறிய ஒரு நுண்ணிய வழி உண்டு. சினைமுட்டை வெளிப்பட்ட இடத்திலே தோன்றும் ஒரு திசு, புரோஜெஸ்ட்டரோன் என்னும் சுரப்பை உண்டாக்குகிறது. அது பாலிலும் கலந்து வரும். பருவ நாளில் அதன் அளவு மிகக் குறைந்தும், இரு பருவங்களுக்கு இடையே உயர்ந்தும் இருக்கும். கதிரியக்கச் சுவடுகளைக் கொண்டு ஒரு துளிப் பாலில் அச்சுரப்பை அளக்கும் ஆய்வுகளைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவப் பீடத்து ஆய்வாளர்கள் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் துணையுடன் நடத்தியுள்ளனர். இவ்வகை ஆய்வுகள் பல நாடுகளில் வெளிப்படுத்திய உண்மை ஒன்று உண்டு: ஊசி போட்ட நாளிலேயே பாலில் இச்சுரப்பு மிகுந்திருந்த பசுக்கள் சில இருந்தன. அவை அன்று பருவத்தில் இருக்கவேயில்லை. அத்தகைய பசுவுக்கு உலகிலேயே உயர்ந்த காளையின் விந்தைச் செலுத்தினாலும் பயனில்லை. பசு ஏற்கெனவே சினையாயிருக்க அறியாது ஊசி போட்டால் கருவே கலையவும் கூடும்.

இரண்டாவது காரணி பசுவின் உடல்நலம். கன்று ஈன்றபின் பால் பெருகும் வாரங்களில், தின்பதைவிடக் கறப்பது மிகுந்து பசு இளைக்கிறது. விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் துருத்தி நிற்கும் பசுவுக்குப் பருவமே வாராது. வந்தாலும் குறிகள் மங்கலாயிருக்கும். தன் உயிரையும் மடியிலுள்ள பாலையும் காத்த பின்னரே இயற்கை அடுத்த கன்றை எண்ணுகிறது. தேயிலைத் தோட்டங்களிலே தீனி முட்டுப்பாடு பெரிது. சாலையோரப் புல், ஓடைக்கரைப் புல், மண்வளங் காக்கத் தோட்டம் நாட்டும் கௌதமாலாப் புல் ஆகியவையே கிடைப்பன. நீர் மிகுந்து சத்துக் குறைந்த புல்லால் வயிறு நிரம்பலாம்; தேவை நிரம்பாது. கன்று ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதங்களிலும் ஈன்றபின் மூன்று மாதங்களிலும், சிறிதளவேனும் தவிடு, புண்ணாக்கு, தாதுஉப்புக் கலவை ஆகியவற்றைக் கொடுத்தல் இன்றியமையாதது. நாகு பசுவை, வளர்ந்த பசுவின் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கை எட்டுமுன் சினைப்படுத்தலாகாது. சிறிய உடலுடைய பசுவுக்குப் பெரிய பிறீசியன் காளையின் விந்தைத் தேர்ந்தால் ஈனும்போது இடர் நேரலாம். அன்றியும் பெரிய கன்று வளர்ந்து கேட்கும் புல்லுக்கு எங்கே போவது? புல் அருகிய தொழுவங்களுக்குச் சிறுத்த ஜேர்சியே தக்கது.

நஞ்சுக்கொடி உரிய வேளையில் விழாமை, கருப்பையிற் சீழ்ப்பிடித்தல் முதலியனவும் சினையைத் தடுக்கும். சளி தெளிவாயில்லாது கலங்கி வெண்மையாகவோ துர்நாற்றத்துடனோ வந்தால், ஊசிக்கு முன் மிருக வைத்தியருக்குக் காட்டவேண்டும். மூன்று முறை ஊசி போட்டும் நிற்காத பசுவுக்கு நான்காவது ஊசியிற் செலவிடுவதைவிட, ஒரு பரிசோதனையிற் செலவிடுவதே மேல். எவ்வளவு நலமுள்ள பசுவானாலும் ஒவ்வோர் ஊசியும் பலிப்பதில்லை. கருக்கொண்ட முட்டைகளுள்ளும் ஒரு பகுதி தொடக்கத்திலேயே மடிந்துவிடுவது இயற்கை. நூறு பசுக்களுக்குப் போட்ட முதல் ஊசியில் ஐம்பதுக்கு மேல் சினைப்படின், அதனை நல்ல பலன் என்றே கொள்ளுவர்.

மூன்றாவதும் நான்காவதும் விந்தின் காவலும் கையின் பயிற்சியும். திரவ நைதரசன் நாள்தோறும் ஆவியாகிக்கொண்டேயிருக்கும். தாங்கியில் அதன் மட்டம் தாழ்ந்தால், குழலிலுள்ள விந்து கெடும். வெளியே பார்ப்பவருக்கு எவ்வித அடையாளமும் தெரியாது. குழலைத் தாங்கியின் கழுத்துக்கு மேலே சில விநாடிகள் கூடுதலாக உயர்த்தி வைத்திருப்பதும் கேடே. எடுத்த குழலை 35 முதல் 37 பாகை வரை வெதுவெதுப்பான நீரில் அரை நிமிட நேரமேனும் உருகவைத்து, தாமதமின்றிப் பயன்படுத்தவேண்டும். இங்கே மலையகத்துக்கே உரிய ஓர் அபாயம் உண்டு. தை, மாசி மாதங்களில் நுவரெலியாவின் விடியலிற் புல்மேல் உறைபனி படியும். உருகி வெதுவெதுப்படைந்த விந்து அக்குளிர் காற்றில் மீண்டும் குளிர்ந்தால், அந்த அதிர்ச்சியிலே விந்தணுக்கள் ஆற்றலிழக்கும். அனுபவமிக்கவர்கள் செலுத்துகருவியை முதலிற் கையால் தேய்த்துச் சூடேற்றி, குழலைப் பொருத்தியபின் சட்டைக்குள் வைத்து உடற்சூட்டிலே காத்துக்கொண்டு தொழுவத்துக்கு நடப்பது இதனாலேயே.

விந்தைச் சேர்க்கவேண்டிய இடம் கருப்பைக் கழுத்தைக் கடந்தவுடன் உள்ள கருப்பையின் உடற்பகுதி. ஒரு கை மலக்குடல் வழியாகச் சென்று கழுத்தைப் பற்றிக்கொள்ள, மறு கை கருவியை அதன் மூன்று நான்கு வளையங்களூடே மெல்லச் செலுத்தவேண்டும். கழுத்துக்கு இப்பால் விட்டாலும் பலன் குறையும். அப்பால் ஒரு கொம்பினுள் ஆழச் செலுத்தினாலும் தவறலாம். இதற்குப் பசு அமைதியாக நிற்கவேண்டும். அடித்து, விரட்டி, நால்வர் பிடித்துக் கட்டிய பசுவின் உடலிற் பெருகும் அச்சச் சுரப்பு, விந்தணுவை மேலே கொண்டு செல்லும் கருப்பை அசைவைத் தடைப்படுத்துகிறது. தொழுவத்தின் ஒரு மூலையில் இரண்டு கம்புகளை நட்டு, பசு நிற்க ஒரு சிறு சட்டம் அமைத்துக்கொள்வது அற்பச் செலவு, பலனோ பெரிது.

மற்றைய கால்நடைகளிலும் இம்முறை உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் இயற்கை வேறு பூட்டு அமைத்திருக்கிறது. செம்மறி 17 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். பருவம் 24 முதல் 36 மணி நேரம் நீடிக்கும். அருகிற் கடா இல்லாவிடில் அது தன் பருவத்தை வெளிக்காட்டுவதே இல்லை. ஆகவே கருவளமற்றதாக்கிய கடாவின் மார்பிலே வர்ணந் தடவி மந்தையில் விட்டு, எந்த ஆட்டின் முதுகில் வர்ணம் படிந்தது என்று பார்த்துப் பருவம் அறிவர். மேலும், செம்மறியின் கருப்பைக் கழுத்து கோணலான மடிப்புகள் நிறைந்தது. கருவி அதனூடே செல்வது மிக அரிது. கழுத்தின் வாயிலில் வைக்கும் புதிய விந்து நல்ல பலன் தரும். உறைந்த விந்தோ அந்த நெடுவழியைக் கடக்க வலுவற்றது. இதனால் 1980களில் ஆஸ்திரேலிய அறிஞர்கள், வயிற்றிற் சிறு துளையிட்டு, உட்காண் குழாயின் துணையால் விந்தைக் கருப்பையிலேயே நேராகச் சேர்க்கும் முறையை வகுத்தனர்.

குளிர்நாடுகளிற் செம்மறி, பகற்பொழுது குறுகும் காலத்திலேதான் பருவத்துக்கு வரும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகையளவிலுள்ள நம் நாட்டிலே, பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதும் மாறுவதில்லை. இங்குப் பருவத்தை ஆள்வது சூரியனைவிடப் புல்லே. வெள்ளாட்டின் கருப்பைக் கழுத்துச் செம்மறியினதைவிட நேரானதாகையால், அதற்கு உறைவிந்து ஓரளவு எளிதிற் பயன்படுகிறது. பன்றியின் விந்து உறைவதை எளிதில் தாங்கமாட்டாது. அதனை 16, 17 பாகையில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்துவர். எருமையோ பருவத்தை ஓசையின்றி மறைத்துக்கொள்வது. வளர்ப்போருக்கு அதுவே பெருஞ் சோதனை. விலங்கு எதுவாயினும் முதற் கேள்வி ஒன்றேயாகும்: அதன் வேளையை யார், எப்போது கண்டார்?

ஆகவே தோட்டத்தில் மாடு வளர்ப்போர் செய்யத்தக்கவை சில. தொழுவத்துச் சுவரிலே ஒரு நாட்காட்டி தொங்கட்டும். கன்று ஈன்ற நாள், பருவங் கண்ட நாளும் நேரமும், ஊசி போட்ட நாள், காளையின் இலக்கம் ஆகிய நான்கையும் அதிற் குறியுங்கள். காளையின் இலக்கம் எதற்கு என்பீர்கள்: தந்தையின் விந்தே மகளுக்குப் போடப்படாமற் காப்பதற்கு அதுவே வழி. ஊசி போட்ட 21ஆம் நாளையொட்டி மீண்டும் விழிப்பாயிருங்கள். பசு மறுபடி கத்தவில்லை என்பதனாற் சினை என்று முடிவுசெய்யாது, இரண்டு மூன்று மாதங்களிற் பரிசோதித்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எல்லோரும் வேலைக்குச் சென்றபின் வீட்டிலிருக்கும் முதியவருக்குப் பருவக் குறிகளைக் கற்றுக்கொடுங்கள். அவர் கையிலுள்ள தொலைபேசியில் மிருக வைத்திய அலுவலகத்தின் இலக்கம் இருக்கட்டும்; பருவம் கண்ட நேரத்தைத் தவறாது சொல்லச் செய்யுங்கள்.

தோட்ட நிருவாகத்தினருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பசு பருவத்திலிருக்கும் நாளில் அதன் உரிமையாளருக்கு ஒரு மணி நேர அனுமதி கொடுப்பதால் கொழுந்து குறைந்துவிடாது. தேயிலை பயிரிட இயலாத சரிவுகளிற் புல் நட இடங்கொடுப்பது மண்ணையும் காக்கும். பால் காசு வரும் வீட்டிலே பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பது குறையும், கடனும் குறையும்.

குண்டசாலையிலிருந்து மலையேறி வரும் அந்தச் சிறு குழலிலே, பல நாட்டு அறிஞர்களின் உழைப்பு அடங்கியிருக்கிறது. அது உரிய வேளைக்கு வந்து சேர்வதும் சேராததும், முந்திய இரவு கைவிளக்குடன் தொழுவத்துக்குச் சென்றவர் கண்டதைப் பொறுத்தது. அந்தக் கால் மணி நேரப் பார்வைக்குப் பணச்செலவு ஏதுமில்லை. தவறினால் இழப்பது 21 நாட்கள். இக்கணக்கை மாடு வளர்ப்போர் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்வார்களாக.